வெள்ளை ஸ்னீக்கரைத் துவைக்க எந்த வழி: சோப்பு, சோடா, ப்ளீச், மெஷின் ஓர் ஒப்பீடு

வெள்ளை ஸ்னீக்கர் வாங்கும்போது விலையையும் அளவையும் பார்க்கிறோம். அதை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்வி முதல் மழையில் சேறு பட்ட பிறகுதான் எழுகிறது. அப்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிபாரிசு வந்துவிடும். அம்மா துணி சோப்பைச் சொல்வார். நண்பர் பற்பசையைச் சொல்வார். யூடியூபில் ஒருவர் ஆப்ப சோடாவின் மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்குவதைக் காட்டுவார். எதுவும் வேண்டாம், வாஷிங் மெஷினில் போட்டு எடு என்பார் இன்னொருவர். இவை எல்லாமே ஏதோ ஒரு ஷூவில் ஏதோ ஒரு கறைக்கு வேலை செய்தவைதான். ஆனால் ஒரு ஷூவுக்குப் பொருந்திய வழி இன்னொரு ஷூவை ஒரே நாளில் பாழாக்கிவிடக்கூடும்.

எது அதிகமாக வெளுக்கும் என்பதை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிவு தவறிப்போகும் என்பது என் உறுதியான கருத்து. துவைத்த அன்று ஈரத்தில் பளிச்சென்று இருந்த ஷூ, காய்ந்ததும் தையல் ஓரங்களில் மஞ்சள் கோடு விட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் பழைய அழுக்கு அன்று. துணிக்கும் பஞ்சுக்கும் பசைக்கும் இடையில் தங்கிவிட்ட சோப்பும் காரமும் தண்ணீரின் உப்பும்தான் அப்படி வெளியே வருகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையையும் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோட வேண்டும்: இந்த ஷூ எதனால் செய்யப்பட்டது, நாம் போடும் பொருளை அதிலிருந்து முழுவதும் வெளியேற்ற முடியுமா?

ஷூ எதனால் ஆனது

வெள்ளை ஸ்னீக்கர் என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் நான்கைந்து வெவ்வேறு பொருட்கள். பருத்திக் கேன்வாஸ், தோல், ரெக்சின் என்று நாம் சொல்லும் செயற்கைத் தோல், பாலியெஸ்டர் அல்லது நைலான் வலைத்துணியான மெஷ், மெல்லிய மயிர்ப்பரப்பு கொண்ட ஸ்வேட் ஆகியவை முக்கியமானவை. பல நிறுவனங்களின் ஷூக்களில் நாக்கின் பின்புறமோ சோலின் அடியிலோ சிறு படக்குறிகள் இருக்கும். விரித்த விலங்குத் தோலின் வடிவம் இருந்தால் அது தோல், அந்த வடிவத்துக்குள் சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சு உள்ள தோல், வலை போன்ற பின்னல் இருந்தால் துணி, வெறும் சாய்சதுரம் மட்டும் இருந்தால் ரப்பர், செயற்கைத் தோல் போன்ற பிற பொருள். குறி இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். கேன்வாஸ் அதை உடனே உறிஞ்சும். பூச்சு உள்ள தோலிலும் ரெக்சினிலும் சொட்டு உருண்டு நிற்கும்.

வெள்ளைத் தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக விலை கொடுத்து வாங்குவதும் அதைத்தான், தவறாகக் கையாளப்படுவதும் அதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், குரோம் முறையில் பதனிட்ட தோல் முதலில் வெளிர் நீல நிறத்தில்தான் வெளிவரும் என்பார்கள். நாம் பார்க்கும் வெள்ளை, அந்தத் தோலின் மேல் ஏற்றப்பட்ட மெல்லிய பூச்சு. அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியும் அதைப் பிடித்துவைக்கும் பிசினும் இருக்கின்றன. எனவே தோல் ஸ்னீக்கரை வெளுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பூச்சின் மேல் படிந்திருப்பதைத் துடைத்தெடுக்கலாம், அவ்வளவே. அழுத்தித் தேய்த்துப் பூச்சைக் கிழித்துவிட்டால், அடியில் இருக்கும் தோல் அழுக்கை உறிஞ்சத் தொடங்கும். அதன் பிறகு எந்த சோப்பாலும் அந்த இடத்தை மீட்க முடியாது.

தண்ணீரும் கணக்கில் வரும்

இந்த ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் துவைக்கப் பயன்படுத்துகிறோம். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். குழாயடியில் வாளி வைத்த இடம் செம்பழுப்பாக மாறியிருந்தால், அந்தத் தண்ணீரில் அலசும் வெள்ளை கேன்வாஸும் நாளடைவில் அதே நிறத்தை நோக்கித்தான் போகும். உப்புத் தண்ணீரில் கொழுப்பு சோப்பைப் பயன்படுத்தினால், சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் துணியின் இழைகளில் படிகிறது. சாம்பல் பூத்தது போன்ற அந்த மங்கல் அதிலிருந்துதான் வருகிறது. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் சோப்புக் கட்டியைவிடத் திரவ டிடர்ஜென்ட் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கடைசி அலசலுக்கு மட்டுமாவது உப்புக் குறைந்த தண்ணீரைப் பயன்படுத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது என்பதால் அதில் தாது உப்பு மிகக் குறைவு. ஒரு துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைப் பலர் துணி துவைக்கச் சேமிப்பார்கள். அதை வீணாக்காமல் இருப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வெள்ளை ஷூவின் கடைசி அலசலுக்கு அது ஆகாது.

சாதாரணக் கைத்துவைப்பு

மற்ற எல்லா முறைகளையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்தில் ஒன்பது ஷூக்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. லேஸையும் உள் அட்டையையும் கழற்றிவிட்டு, காய்ந்த மண்ணை உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். சேறு ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் அது இழைகளுக்குள் இறங்கிவிடும். காயவிட்டுத் தட்டினால் பாதிக்கு மேல் தானாக உதிரும். பிறகு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் விட்டு, மென்மையான பழைய டூத் பிரஷால் சிறு வட்டங்களாகத் தேய்த்து, ஈரத் துணியால் அடிக்கடி ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. மேற்பகுதியையும் சோலையும் இணைக்கும் பசைகளில் பல, சூட்டில் இளகி ஒட்டும் வகையைச் சேர்ந்தவை. 40 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு.

இங்கே சோப்பின் அளவுதான் முக்கியம். நுரை நிறைய வந்தால் நன்றாகச் சுத்தமாகிறது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சட்டையைப் பிழியலாம், அலசலாம், மறுபடி பிழியலாம். ஷூவைப் பிழிய முடியாது. நாக்கின் உள்ளே இருக்கும் பஞ்சும், குதிகாலைச் சுற்றியிருக்கும் மெத்தையும் குடித்த நுரை அங்கேயே தங்கிவிடும். தோல், ரெக்சின் ஷூக்களைத் தண்ணீரில் அமிழ்த்தவே தேவையில்லை. நுரையில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் இரண்டு முறை துடைத்தால் வேலை முடிந்தது. மெஷ் ஷூவில் பிரஷைக் கூடுமானவரை மென்மையாகப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிசிறி அழுக்கை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். லேஸை மட்டும் தனியாக எடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஊறவைக்கலாம். லேஸ் வெள்ளையாக இருந்தாலே ஷூ பாதி புதிதாகத் தெரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆப்ப சோடாவும் வினிகரும்

இணையத்தில் அதிகம் பரப்பப்படும் முறை இது, அதன் புகழுக்குக் காரணம் நுரை. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் கலந்தால் கரியமில வாயு பொங்கி வெளியேறும், மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். பொங்கும் நேரத்தில் சுத்தம் நடப்பது போலத் தெரிந்தாலும், ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு இரண்டின் பலமும் போய்விடுகிறது. மிஞ்சிய சோடாத் துகள் லேசாகத் தேய்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தத் துகள் கேன்வாஸின் நெசவில் தங்கினால் காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. சோடாவைக் குழைத்துக் கேன்வாஸ் ஷூவின் ரப்பர் ஓரத்தில் தேய்க்கலாம். உலர்ந்த பொடியை ஒரு துணிப் பையில் கட்டி இரவு முழுவதும் ஷூவுக்குள் வைத்தால் வியர்வை நாற்றம் குறையும். வினிகரை, துவைத்து முடித்த கேன்வாஸின் கடைசி அலசலில் ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் சேர்த்தால், தங்கியிருக்கும் சோப்புக் காரத்தை அது முறிக்கும். மஞ்சள் கோட்டைத் தடுக்க எனக்குத் தெரிந்த மலிவான வழி இதுதான். தோல் ஷூவில் மட்டும் சோடாவைச் சேர்க்கவே வேண்டாம். பதனிட்ட தோல் இயல்பில் லேசான அமிலத் தன்மை கொண்டது. காரம் பட்டால் நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

இரண்டு வகை ப்ளீச்

ப்ளீச் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு வேதிப்பொருட்கள் விற்கப்படுகின்றன, இந்த வேறுபாடு தெரியாமல் ஷூவைக் கெடுத்துக்கொள்பவர்கள் மிக அதிகம். ஒன்று குளோரின் வகை: ப்ளீச்சிங் பவுடரும், வெள்ளைத் துணிகளுக்கென்று பாட்டிலில் விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமும் இதில் அடங்கும். மற்றொன்று ஆக்சிஜன் வகை: ஹைட்ரஜன் பெராக்சைடும், தண்ணீரில் கரைந்ததும் அதை வெளிவிடும் சோடியம் பெர்கார்பனேட் தூளும் இதைச் சேர்ந்தவை. துணிக் கறை நீக்கும் தூள்கள் பலவற்றில் இந்தப் பெர்கார்பனேட்தான் முக்கியப் பொருள். டப்பாவின் பின்புறம் படித்தால் தெரிந்துவிடும்.

குளோரின் ப்ளீச் பருத்தியை உண்மையாகவே வெளுக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பருத்தி மட்டுமே உள்ள ஸ்னீக்கர் கிடையாது. நைலானிலும் பாலியூரித்தேனிலும் நைட்ரஜன் உண்டு; குளோரின் அதோடு வினைபுரிந்து மஞ்சள் நிறச் சேர்மங்களை உண்டாக்குகிறது. மெஷ் ஷூவின் நாக்கு ஓரத்தில் இருக்கும் இழுபடும் பட்டை, ரெக்சினின் மேற்படலம், உள்ளே இருக்கும் நுரை மெத்தை, ஒட்டுப் பசை ஆகியவற்றில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். வெளுக்கப் போட்ட ப்ளீச்சே மஞ்சளாக்கிய பிறகு, இன்னும் கொஞ்சம் போட்டால் வெளுத்துவிடும் என்று மறுபடி ஊற்றுகிறோம். மஞ்சள் இன்னும் ஏறுகிறது. தண்ணீரில் இரும்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அந்த இரும்பைத் துருவாக மாற்றித் துணியிலேயே படியவைப்பதும் குளோரின்தான். இதையெல்லாம்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குளோரின் ப்ளீச்சோடு வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிடையோ கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளியேறும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. என் தீர்ப்பு எளிது: எந்த ஸ்னீக்கருக்கும் குளோரின் வேண்டாம்.

ஆக்சிஜன் ப்ளீச் நிதானமானது. மஞ்சளாக்கும் சேர்மத்தை உண்டாக்காது, வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பெர்கார்பனேட் தூளில் கூடவே சலவை சோடாவும் இருப்பதால் அதன் கரைசல் நல்ல காரமாக இருக்கும். வெந்நீரில்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். ஷூவுக்குச் சூடு ஆகாது என்பதால் இங்கே ஒரு சமரசம் தேவை. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கேன்வாஸ் மேற்பகுதியில் மட்டும் பிரஷால் தடவி, அரை மணி நேரம் காயாமல் வைத்திருந்து, நன்றாக அலசிவிட்டு வினிகர் தண்ணீரில் முடிக்கலாம். காபி, தேநீர், புல் கறைகளுக்கு இது நல்ல பலன் தரும். பருத்திக் கேன்வாஸுக்கும் பாலியெஸ்டர் மெஷ்ஷுக்கும் ஏற்றது. தோலுக்கும் ஸ்வேடுக்கும் ஏற்றதன்று.

ஆனால் செம்மண் கறைக்கு எந்த ப்ளீச்சும் பயன்படாது. செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்த ஒன்றை மறுபடி ஆக்சிஜன் என்ன செய்துவிடும்? அதைவிடக் கவனிக்க வேண்டியது, இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடு கட்டுக்கடங்காமல் சிதைந்து அங்கே இருக்கும் பருத்தி இழையையே அரித்துவிடக்கூடும் என்பது. ஜவுளி ஆலைகளில் துருப் பட்ட இடத்தில் வெளுக்கும்போது துணியில் ஓட்டை விழுவது இதனால்தான். துருப்பிடித்த லேஸ் கண்களைச் சுற்றிய பழுப்பு வளையத்துக்கும் இதே விதி பொருந்தும். செம்மண்ணைக் காயவைத்துத் தட்டி, சோப்புத் தண்ணீரால் துகள்களை எடுத்துவிட்டு, மிஞ்சும் நிறத்துக்கு எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ தடவிச் சிறிது நேரம் கழித்து அலச வேண்டும். அமிலம் இரும்பைக் கரைத்து எடுக்கும். இது கேன்வாஸுக்கும் மெஷ்ஷுக்கும் மட்டுமே.

தேய்த்தெடுக்கும் பொருட்கள்

பற்பசை, மெலமைன் ஸ்பாஞ்ச் இரண்டும் கறையைக் கரைப்பதில்லை, சுரண்டி எடுக்கின்றன. பற்பசையில் இருக்கும் சுண்ணாம்புத் துகளோ சிலிக்காவோதான் அந்த வேலையைச் செய்கிறது. சோலின் ரப்பர் ஓரத்தில் கறுப்புக் கீறல்களை எடுக்க வெள்ளைப் பற்பசை போதும். கேன்வாஸிலும் மெஷ்ஷிலும் அது துளைகளை அடைத்துக்கொண்டு காய்ந்து கட்டியாகும். மேஜிக் இரேசர் என்ற பெயரில் விற்கும் மெலமைன் ஸ்பாஞ்ச் இன்னும் திறமையானது. கையில் மென்மையாகத் தெரிந்தாலும் அதன் நுண்ணிய வலைப்பின்னல் கடினமானது, மிக நயமான உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்கிறது. ரப்பர் சோலுக்கு இதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது. தோல் மேற்பகுதியில் ஒரு சிறு கீறலுக்கு எப்போதாவது மெதுவாகத் தொடலாம். வாராவாரம் தேய்த்தால் முன்னால் சொன்ன அந்த வெள்ளைப் பூச்சைத்தான் நீங்கள் கழுவி ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். தேய்க்கும் துணியில் வெள்ளை ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வாஷிங் மெஷின்

நேரம் இல்லாதவர்களுக்கு இது பெரிய ஆசை. பாலியெஸ்டர் மெஷ்ஷால் ஆன ஓட்டப்பந்தய ஷூவுக்கும், நல்ல தரமான கேன்வாஸுக்கும் எப்போதாவது இது ஒத்துவரும். லேஸையும் உள் அட்டையையும் எடுத்துவிட்டு, ஷூவை வலைப் பையில் போட்டு, கூடவே இரண்டு பழைய துண்டுகளையும் சேர்த்து, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சுழற்சியில், திரவ டிடர்ஜென்டைப் பாதி அளவு மட்டும் விட்டு ஓட்ட வேண்டும். இதன் உண்மையான பலம் அலசலில்தான் இருக்கிறது. கூடுதல் அலசல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கையால் எடுக்க முடியாத சோப்பையும் அது வெளியேற்றிவிடும். டிரையர் பக்கம் மட்டும் போகவே கூடாது.

மலிவு விலைக் கேன்வாஸ் ஷூக்களில் பாதத்தின் கீழே காகித அட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். மெஷினில் ஊறிய பிறகு அது வீங்கி நெளிந்து, ஷூ பழைய வடிவத்துக்குத் திரும்பாது. தோலும் ரெக்சினும் உருளும்போது மடிந்து வெடிக்கும். ஸ்வேடைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூ தனி ரகம்

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ நம் நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதன்று. பாட்டா நிறுவனம் இந்தியப் பள்ளி மாணவர்களின் உடற்பயிற்சி வகுப்புக்கென்றே 1936-இல் தன் டென்னிஸ் ஷூவை வடிவமைத்தது. வெள்ளைச் சீருடை நாளுக்கு முந்தைய இரவில் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும், அது மறந்துபோனால் காலையில் சாக்பீஸைத் தேய்ப்பதும் பல தலைமுறைகள் கண்ட பழக்கம். அந்த வெள்ளைத் திரவப் பாலிஷ் தண்ணீரில் கலந்த நிறமியும் கொஞ்சம் பிசினும்தான். அது அழுக்கை எடுப்பதில்லை, மூடுகிறது. துவைக்காமல் அதன் மேலேயே வாராவாரம் பூசினால் மடியும் இடத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் கரைந்து காலுறையில் வழியும்.

ஆயினும் வளரும் பிள்ளையின் ஷூவுக்கு அதுவே நியாயமான தேர்வு என்பேன். ஒரு கல்வியாண்டில் அளவு பத்தாமல் போய்விடும் ஷூவுக்குப் பெர்கார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் அதிகப்படி. சனிக்கிழமை துவைத்து, முழுவதும் காய்ந்த பிறகு, மெல்லிய ஒரே பூச்சாகப் பாலிஷ் போட்டால் போதும். இரண்டு மூன்று பூச்சுகளுக்கு ஒரு முறை பழையதைப் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். சொட்டு நீலத்தை மட்டும் ஷூவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வேட்டியில் அது சீராகப் பரவும். கனமான துணியும் தையலும் பஞ்சும் சேர்ந்த ஷூவில் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

காயவைப்பதில்தான் பாதி முடிவு

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் பலனைத் தீர்மானிப்பது அடுத்து வரும் இரவு. ஷூ காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் வெளிப்பரப்பை நோக்கி நகர்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் துணியின் இழைகள் அதை இழுக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், அது சுமந்து வந்த சோப்பும் உப்பும் பசையின் கறையும் கடைசியாகக் காயும் இடத்தில் நின்றுவிடும். தையல் ஓரத்திலும், ரப்பரும் துணியும் சேரும் கோட்டிலும், விரல் முனையிலும் மஞ்சள் தெரிவது இதனால்தான்.

இதற்கு ஒரு சிறந்த மாற்று உண்டு. அலசி முடித்த ஈர ஷூவின் மேற்பகுதி முழுவதும் சாயமோ அச்சோ இல்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தை இரண்டு மூன்று அடுக்குகளாகச் சுற்றி, கையால் அழுத்தி ஒட்டிவிட வேண்டும். இப்போது வெளிப்பரப்பு காகிதமே. நகர்ந்து வரும் கறை அதில்தான் நிற்கும். மறுநாள் காகிதத்தை உரிக்கும்போது, தையல் ஓடும் இடமெல்லாம் பழுப்பு மஞ்சள் கோடு அச்செடுத்தது போலக் காகிதத்தில் பதிந்திருக்கும், ஷூ வெள்ளையாக இருக்கும். கேன்வாஸிலும் மெஷ்ஷிலும் இது தவறாமல் பலன் தரும். உள்ளே அடைக்கச் செய்தித்தாளைப் பயன்படுத்துவது நம் வழக்கம். மை ஒட்டக்கூடும் என்பதால் வெள்ளை ஷூவுக்குப் பழைய பருத்தித் துணியே மேல்.

வெயிலா நிழலா என்ற கேள்விக்கு நிழல் என்பதே என் பதில். வேட்டி வெயிலில் வெளுக்கும் என்பது உண்மை, ஆனால் வேட்டியில் ரப்பரும் பசையும் இல்லை. புதிய ஷூவின் துணிக்கு அந்த நீலம் கலந்த பளிச்சிடும் வெண்மையைத் தருவது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழும் ஒளிர்வூட்டிகள். கடும் வெயிலில் அவை சிதைகின்றன, ரப்பரும் பழுக்கிறது. காற்றோட்டமான நிழலில் மின்விசிறியின் கீழ் வைப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இரவில் காயாது. அந்த மாதங்களில் முழுவதும் நனைக்காமல், ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். ஈரத்தோடு அலமாரியில் வைத்த ஷூவில் பூஞ்சை பிடித்தால், அந்தக் கரும்புள்ளிகளை எடுப்பது செம்மண்ணை எடுப்பதைவிடக் கடினம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசேஷத்துக்கு மட்டும் என்று பெட்டிக்குள் மூடிவைக்கும் வெள்ளை ஷூ, போடாமலே மஞ்சளாகும். சோலில் பாலியூரித்தேன் நுரை இருந்தால், கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அது சில ஆண்டுகளில் உள்ளுக்குள் சிதைந்து, ஒரு நாள் போட்டு நடக்கும்போது பொடிப்பொடியாக உதிரும். வெள்ளை ஷூவை அடிக்கடி போட்டு, அடிக்கடி லேசாகத் துடைப்பதே அதற்குச் செய்யும் பெரிய பராமரிப்பு.

மஞ்சளான சோலும் ஷூ லாண்டரியும்

சோல் முழுவதும் மஞ்சளாகிவிட்டால் அது அழுக்கன்று. ரப்பரோ பிளாஸ்டிக்கோ காற்றோடும் வெயிலோடும் வினைபுரிந்து நிறம் மாறியிருக்கிறது. சோப்போ ஸ்பாஞ்சோ அதைத் தொடாது. தலைமுடிச் சாயத்துக்கான கிரீம் டெவலப்பரை, அதாவது 9 முதல் 12 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள கிரீமை, சோலில் மட்டும் பூசி, ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் காயாமல் மூடி, சில மணி நேரம் வெயிலில் வைத்தால் மஞ்சள் கணிசமாகக் குறையும். மருந்துக் கடையில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதத் திரவம். அது வழிந்துவிடும், பலமும் போதாது. மேற்பகுதியை டேப்பால் முழுவதும் மறைக்க வேண்டும், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் கட்டாயம், ஏனென்றால் இந்த அளவு பெராக்சைடு தோலைச் சுடும். மஞ்சள் சில மாதங்களில் திரும்பவும் வரும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். மேற்பகுதி நல்ல நிலையில் இருக்கும், மனதுக்குப் பிடித்த ஜோடிக்கு இந்த உழைப்பு தகும்; விரல் மடியும் இடத்தில் ஏற்கெனவே வெடித்திருக்கும் ஷூவுக்குத் தகாது.

பெரிய நகரங்களில் இப்போது ஷூ லாண்டரிகள் வந்துவிட்டன; ஒரு ஜோடிக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறார்கள். கேன்வாஸுக்கும் மெஷ்ஷுக்கும் அங்கே போவது வீண் செலவு, அவர்கள் செய்வதில் பெரும்பகுதியை மேலே சொன்னபடி வீட்டிலேயே செய்யலாம். வெள்ளை ஸ்வேடுக்கும், பூச்சு உரிந்து மறுபூச்சு தேவைப்படும் தோலுக்கும் மட்டும் அந்தப் பணம் நியாயமானது. ஸ்வேடை வீட்டில் உலர்ந்த பிரஷும் வெள்ளை அழிப்பானும் தாண்டி எதுவும் தொடக் கூடாது, தண்ணீர் பட்டாலே அதன் மயிர்ப்பரப்பு படிந்து விறைத்துவிடும். கொடுக்கும் முன் அவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: மெஷினில் போடுவார்களா, எந்த ப்ளீச்சைப் பயன்படுத்துவார்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராத கடையில் வெள்ளைத் தோல் ஷூவை விட்டுவிட்டு வர வேண்டாம்.